ஏசி ஓயாத கல்யாணம்

சித்திரையில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு மணப்பெண் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. கனமான பட்டுப்புடவையைச் சுற்றி, தலையில் அரைக்கூடைப் பூவை ஏற்றி, சொந்த நகை போதாதென்று இரவல் நகையும் மாட்டி, கடைசியில் மணமகள் அறை என்று பலகை தொங்கும் ஒரு பொந்துக்குள் அவளை உட்கார வைத்துவிடுவார்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஆவடியில் நல்ல மண்டபம் என்று பேர் வாங்கிய இடங்களிலேயே இந்த லட்சணம்தான். மணமகள் அறையும் சாமான் அறையும் ஒட்டி ஒட்டி இருக்கும். சில மண்டபங்களில் இரண்டும் ஒரே அறை. பெண் ஒரு பக்கம், கோஸ் மூட்டை ஒரு பக்கம்.

அந்த அறைகளில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் வடிவு. சேக்காட்டில் பிறந்து, ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அவள் கை படாத மணப்பெண் குறைவு. ஆனால் சித்திரை, வைகாசி வந்தால் அவளுக்குப் பெட்டியைத் திறக்கவே பயம். பவுடரைத் தடவினால் பஜ்ஜி மாவு மாதிரி வழியும். கண் மையை இழுத்து முடிப்பதற்குள் அது கன்னத்துக்கு இறங்கும். துடைத்துத் துடைத்துப் போட்டு, கடைசியில் பெண் மேடைக்குப் போகும்போது அழுதுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். சொந்தக்காரப் பெண்டுகள் வடிவைத்தான் முறைப்பார்கள். சூரியனை யார் முறைக்கிறார்கள்?

அவளுடைய புருஷன் கலியமூர்த்தி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். மாயவரத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், தங்கமான மனுஷர், ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே ஏலம் என்றாலும் போய்க் கையைத் தூக்கிவிடுவார். ஒருமுறை றெக்கை இல்லாத ராட்சச ஃபேன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வருஷம் கொண்டுவந்தது ஒரு ட்ரெய்லர் வண்டி. பழுதுபார்க்கும் சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதற்காக இரும்புத் தகட்டில் மூடிக் கட்டிய, கதவு வைத்த, கழித்துக்கட்டிய வண்டி. வடிவின் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மனையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொண்டுவரும் வழியிலேயே அதைச் சம்பத்துக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

சம்பத் வடிவுக்கு மாமா முறை. திருநின்றவூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தார். மேலே இருக்கும் கூண்டை வெட்டி எறிந்துவிட்டால் அடியில் இருக்கும் சட்டம் பத்து வருஷம் செங்கல் சுமக்கும் என்பது அவருடைய கணக்கு.

வடிவு சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வண்டிக்குள் ஏறினாள். ஏறியவள் நிமிர்ந்து நின்றாள். தலை இடிக்கவில்லை. கையை விரித்தாள், சுவர் தட்டவில்லை. கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் சட்டென்று குறைந்தது. இத்தனை வருஷத்தில், பெண்ணைப் பாதி அலங்காரத்தில் வைத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட அவளுக்கு ஒரு மண்டபத்திலும் வாய்த்ததில்லை. இங்கே தாழ்ப்பாள் விழுந்தது, பெண்தான் இல்லை. இந்த வண்டி எனக்கு வேண்டும் என்று அவள் மனசு சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடிக்க ஆரம்பித்தது.

"இன்னாங்க, இதுல ஒரு ஏசிய மாட்டிக்கினு, நேரா மண்டபத்து வாசல்ல கொண்டும்போயி நிறுத்தினா எப்படி இருக்கும்?" என்றாள் வெளியே வந்து.

கலியமூர்த்தி வாயைப் பிளந்தார். "செங்கல் வண்டிக்கு ஏசியா?"

"செங்கல் வண்டி இல்லீங்க. பொண்ணு வண்டி."

நாலு நாள் ஒற்றைக்காலில் நின்றாள். கலியமூர்த்தியும் பார்த்தார். கொடுத்த வாக்கை மீறவும் மனசில்லை, பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. சம்பத்தையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னார். "ஒரு கல்யாணம், வடிவு. ஒரே ஒரு கல்யாணத்துல இது ஒழுங்கா வேலை செஞ்சுட்டா வண்டி உன்னது. நடுவுல படுத்துடுச்சுன்னா மாமா சூளைக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அயுவ மாட்டேன்," என்றாள் வடிவு. சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மேனேஜர் அறையிலிருந்து கழற்றிய பழைய ஏசி கிடைத்தது. சுவரெல்லாம் தெர்மகோல் ஒட்டி மேலே ரெக்ஸின் அடித்தார்கள். முன்பக்கத் தகட்டில் திரை போட்ட சின்ன ஜன்னல் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, சலூன் நாற்காலி ஒன்று. கலியமூர்த்தி வேண்டாவெறுப்பாக ஆரம்பித்து, பிறகு ஷிஃப்ட் முடிந்து சாப்பிடக்கூட வராமல் அதிலேயே கிடந்தார். மனுஷருக்குக் கையில் ஸ்பானர் இருந்தால் கொள்கை மறந்துபோகும்.

மிச்சம் இருந்தது கரண்டு. கோடையில் ஆவடிக் கரண்டை நம்பி ட்யூப் லைட்டே கண்ணைத் திறக்காது. ஏசி என்று சொன்னதுமே மண்டபத்து முதலாளிகள், எங்கள் ஃபியூஸ் கட்டை எரிந்துவிடும் என்று கைகூப்பினார்கள். ஆகவே வண்டிக்கென்று ஒரு ஜெனரேட்டர் வேண்டும், கூடவே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி வேண்டும். எது என்று யாரைக் கேட்பது? பருத்திப்பட்டு கஜபதியைத்தான்.

கஜபதி சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் திருவிழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், எதற்கும் மைக்செட்டும் விளக்கும் அவருடையதுதான். அவருக்கு உலகத்தில் எல்லாமே ட்யூப் லைட் கணக்கு. "எவ்ளோ பெரிய கல்யாணம்?" என்று கேட்டால் "நூறு ட்யூப்பு" என்பார். ஜெனரேட்டருக்கும் அதே அளவுகோல். இது அறுபது ட்யூப் தாங்கும், அது நூற்றைம்பது ட்யூப் தாங்கும். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், அதுவரை யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

அவர் ஏசியின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். மனசுக்குள் வகுத்தார். "நாப்பத்தஞ்சு ட்யூப்பு வருதுக்கா. நம்மகிட்ட சின்ன ஜெனரேட்டர் ஒன்னு கீது, அறுவது ட்யூப்பு அசால்ட்டா இழுக்கும். ஒரே ஆளு கையில தூக்கிகினு போலாம். சத்தமும் கம்மி. எண்ணி வச்ச மாதிரி பொருந்திச்சு பாரு."

கலியமூர்த்தியும் பேப்பரில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் விஷயமே.

ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தார்கள். சம்பத்தும் வந்துவிட்டார். அவர் ஞாயிறு தவறாமல் வந்து வண்டியின் டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போவார். கஜபதி கயிற்றைச் சுண்டி இழுத்தார். சின்ன ஜெனரேட்டர் சமர்த்தாக ஓடியது. வண்டிக்குள் விளக்கு எரிந்தது, ஏசியின் காற்றாடி சுற்றியது. வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ச்சிக்கான குமிழைத் திருப்பினாள். ஏசிக்குள் கம்ப்ரஸர் ஒருமுறை உறுமியது. விளக்கு மங்கியது. ஜெனரேட்டர் மூக்கால் அழுதது. அவ்வளவுதான், எல்லாம் அடங்கிவிட்டது.

மறுபடி இழுத்தார்கள். மறுபடி அதே அழுகை. மூன்றாவது தடவை கஜபதி, "பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்க," என்றார். பெட்ரோலை மாற்றினார்கள். ஜெனரேட்டர் மாறவில்லை.

சம்பத் பீடியை அணைத்துவிட்டு, ஆறுதல் சொல்லும் குரலில்தான் சொன்னார். "வுடும்மா வடிவு. காத்து வரலன்னா இன்னா? செங்கல்லுக்கு வேர்க்காது."

வடிவுக்குச் சுருக்கென்று இருந்தது.

வெயில் வண்டியின் முதுகில் அடிப்பதால்தான் ஏசி திணறுகிறதோ என்று கலியமூர்த்திக்குச் சந்தேகம். வண்டியை வேப்பமர நிழலுக்குத் தள்ளிவிடுவோம் என்றார். மூன்று ஆண்களும் தோள் கொடுத்தார்கள். வண்டி அசையவில்லை. வடிவும் புடவையைச் செருகிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நாலு பேரும் முக்கி, முனகி, கஜபதியின் செருப்பு அறுந்து, கடைசியில் சக்கரம் அரை விரல் நகர்ந்தது. நகர்ந்ததுதான் தாமதம், அப்புறம் அது பாட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. கலியமூர்த்தி ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனார். நிழலில் நிறுத்தத்தான் சம்பத் சக்கரத்துக்கடியில் கல்லைப் போட வேண்டியிருந்தது.

வடிவு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். வண்டியைப் பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள்.

"அண்ணாத்தே," என்றாள் கஜபதியிடம். "ட்யூப் லைட்டு தொங்கவுட்ட எடத்துல சும்மா எரியும். ஏசி அப்படி இல்லியே. உள்ள ஒன்னு சுத்துதே. இந்த வண்டிய மாரி, எயுந்துக்கறதுக்கு நாலு ஆளு வேணும், அப்பறம் ஓடறதுக்கு ஒரு ஆளு போதும். நாம ஓடற கணக்கத்தான போட்டோம்? எயுந்துக்கற கணக்கப் போடலியே."

கஜபதி மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அதற்குள் வேறு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. "கிரைண்டர் போடும்போது லைட்டு ஒரு தபா கண்ணடிக்கும்க்கா," என்றார் மெதுவாக. "எத்தினி சமையல்கட்டுல பாத்துகீறேன். வோல்டேஜு லொள்ளுன்னு நெனச்சிகினு போய்டுவேன்." தன் தொழிலே தனக்குக் கண்ணடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் டீசல் ஜெனரேட்டர் வந்தது. நூற்றைம்பது ட்யூப் சாதி. இரண்டு சக்கரத்தில் நிற்கும், கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பினால் தெருவுக்கே தெரியும். கலியமூர்த்திக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. தனியாக இழுத்துக்கொண்டு போவானேன், வண்டியின் முன்பக்கத்து இரும்பு மூக்கிலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் ஒரே வேலையாகப் போய்விடுமே. இறுக்கியும் விட்டார். ஃபேக்டரி ஃபிட்டர் இறுக்கினால் அது இந்த ஜென்மத்தில் கழலாது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுசீலாவை மணப்பெண்ணாக உட்கார வைத்தார்கள். சுசீலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் வெட்கப்பட்டாள். குமிழைத் திருப்பியதும் ஜெனரேட்டர் ஒரு கணம் குனிந்து, உடனே நிமிர்ந்து ஓடியது. ஏசி குளிர்ந்தது. வடிவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு சுசீலாவுக்கு மை தீட்டக் குனிந்தாள்.

கை நடுங்கவில்லை, வண்டி நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது, நாற்காலி நடுங்கியது, சுசீலாவின் மூக்குத்தி நடுங்கியது. கண்ணோரத்தில் நிற்க வேண்டிய கோடு காது வரைக்கும் போய்விட்டது.

"வடிவு, எனக்கு மீசையும் போட்டுவுட்டுடு," என்றாள் சுசீலா. சிரித்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினாள். தலை சுற்றுகிறது என்றாள். அப்போதுதான் வடிவுக்கும் நெடி உறைத்தது. முன்னால் கக்கிய டீசல் புகையெல்லாம் இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து சுசீலாவை வெளியே இழுத்துப்போய் மரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"கயட்டுங்க அத," என்றாள் புருஷனிடம். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"சொன்னாக் கேளு வடிவு, தனியா இழுத்துட்டுப் போறது..."

"ஊரான் ஊட்டுப் பொண்ணுங்க அது. கயட்டுங்க."

இந்த ஜென்மத்தில் கழலாத போல்ட்டை அன்றைக்குச் சாயங்காலமே கழற்றினார். ஜெனரேட்டரை அதன் சொந்தச் சக்கரத்தில் மனையின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை அந்தண்டை போகிற மாதிரி நிறுத்தினார்கள். கஜபதி வழக்கமான வயரை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது இளகும் வாசனை வந்தது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டைவிரல் பருமனுக்கு கேபிள் வாங்கிப் போட்டார் கலியமூர்த்தி. இப்போது வண்டிக்குள் நடுக்கமும் இல்லை, நெடியும் இல்லை. தூரத்தில் யாரோ நெல் குத்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் வடிவு அன்றைக்குக் கவனித்தாள். உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸர் டக்கென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி கிளம்புகிறது. கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் அதே மாதிரி குனிந்து நிமிர்கிறது. "தூங்கித் தூங்கி எயுந்துக்குது," என்றாள். "அது எயுந்துக்கற நேரத்துல நூறு ட்யூப்ப மாட்டிவச்சிகினு இருந்தோம்னா படுத்துடும். இதுல வேற எதையும் மாட்டக் கூடாது, அண்ணாத்தே." கஜபதி சத்தியம் செய்தார்.

முதல் கல்யாணம் கலியமூர்த்தியோடு வேலை பார்க்கும் ரகுநாதன் வீட்டுடையது. மகள் பத்மா. பருத்திப்பட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் மண்டபம். சாயங்காலம் வரவேற்பு. சம்பத்துதான் தன் டிராக்டரில் வண்டியை இழுத்து வந்தார். அவருடைய பெண்சாதி அன்னம்மாளும் கல்யாணத்துக்கு வரவேண்டியவள்தான், டிராக்டர் மட்கார்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து வந்து இறங்கினாள். மண்டபத்துப் பக்கவாட்டில் வண்டியை நிறுத்திய பிறகும் சம்பத் கொக்கியைக் கழற்றவில்லை.

"இருக்கட்டும்மா," என்றார். "படுத்துச்சுன்னா அப்படியே சூளைக்கு இட்டுகினு போய்டறேன். இன்னொரு தபா எதுக்கு மாட்டிகினு?"

குரூரமாகச் சொல்லவில்லை. அவருடைய பழக்கம் அது, வேலையை இரண்டு தடவை செய்யமாட்டார். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தக் கொக்கிதான் தெரிந்தது. வடிவு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

ஜெனரேட்டர் காம்பவுண்டுச் சுவரின் கோடியில் ஓடியது. பத்மா உள்ளே வந்து உட்கார்ந்தவள், "அக்கா, ஜில்லுனு இருக்குக்கா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். வடிவு பவுடரை ஒற்றினாள். ஒற்றிய இடத்தில் அது நின்றது. பன்னிரண்டு வருஷமாக அவள் பார்க்க ஏங்கிய அதிசயம் அது. ஒரு பக்கத்துக் கண் முடிந்து மறு கண்ணுக்குப் போகும்போது மண்டபத்துக்குள்ளிருந்து ஹோவென்று ஒரு கூச்சல் கேட்டது.

கரண்டு போய்விட்டது. ஆவடியில் அது ஒரு செய்தியே இல்லை. மண்டபத்து ஜெனரேட்டரைக் கிளப்பப் போனார்கள். அது கிளம்பவில்லை. இதுவும் புதுச்செய்தி இல்லை. முதலாளி அடித்தார், உதைத்தார், சாமிக்கு வேண்டிக்கொண்டார். ஹாலில் ஃபேன் நின்றுபோய் ஜனங்கள் விசிறிக்கொள்ள அழைப்பிதழைத் தேடினார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பிறகு எல்லார் காதும் ஒரே திசையில் திரும்பியது. காம்பவுண்டுக் கோடியில் ஒன்று கம்பீரமாக ஓடிக்கொண்டிருக்கிறதே.

ரகுநாதன் வேர்க்க விறுவிறுக்க வந்து வண்டிக் கதவைத் தட்டினார். பின்னாலேயே வீடியோக்காரர், மைக் வேண்டும் என்று நாதஸ்வரக் கோஷ்டியின் ஆள், கிரைண்டர் நின்றுவிட்டது என்று சமையல்காரர். அவர்களுக்கெல்லாம் பின்னால் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, குற்றவாளி மாதிரி கஜபதி. அன்றைக்கு மண்டபத்து விளக்கும் அவருடைய பொறுப்புதான்.

"வடிவு, மானம் போயிடும்மா," என்றார் ரகுநாதன். "ஒரு நாலு ஃபேன், நாலு லைட்டாவது குடு."

வடிவு கஜபதியைப் பார்த்தாள்.

"ஹாலுக்கு அறுவது எழுவது ட்யூப்பு ஆவும்க்கா," என்றார் அவர். "ஏசி ஓடிகினு இருக்கும்போது தாராளமா தாங்கும். ஆனா அது ஒரு தபா தூங்கி எயுந்துச்சுன்னா போச்சு. ஒன்னு ஹாலு, இல்லாங்காட்டி ஏசி. நீயே சொல்லு."

வடிவு உள்ளே திரும்பிப் பார்த்தாள். பத்மா ஒரு கண்ணில் மையும் ஒரு கண்ணில் பயமுமாக உட்கார்ந்திருந்தாள். ஏசியை நிறுத்தினால் இந்தத் தகரப்பெட்டி அடுப்பாகிவிடும், பெண் கரைந்துவிடுவாள், கொக்கி மாட்டியபடியே இருக்கிறது. நிறுத்த மாட்டேன் என்றால் ஒரு தகப்பன் இருட்டில் நிற்பான். எத்தனை மண்டபத்தில் இவள் பெட்டியை வைக்க இடமில்லாமல் நின்றிருக்கிறாள், நிற்கிறவன் மனசு இவளுக்குத் தெரியாதா? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடம்பிடித்து வாங்கிய ஒரே ஒரு நாள், அதிலும் இப்படியா?

அப்போது ஏசி டக்கென்று நின்றது. அறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டதாம். காற்றாடி மட்டும் சுற்றியது.

வடிவு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். குளிர்ந்துவிட்டது, அதனால் தூங்குகிறது. தூங்குவதால்தான் எழுந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குளிராமலே இருந்தால்?

கதவைத் தாண்டி வெளியே பார்த்தாள். ஹாலிலிருந்து வெளியேறிய பெண்டுகள் மண்டபத்துச் சுவரோர நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, மாசமான பெண் ஒருத்தி, பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிப்போன அன்னம்மாள்.

"அண்ணாத்தே, ரெடியா நில்லுங்க," என்றாள். "இப்ப அது எயுந்துக்கும். எயுந்து ஓட ஆரம்பிச்சதும் ஒவ்வொன்னா மாட்டுங்க. மொதல்ல ஃபேனு, அப்பறம் லைட்டு, அப்பறம் மைக்கு. வீடியோ லைட்டு பொண்ணு மேடைக்குப் போனப்பறம். கிரைண்டரு கூடவே கூடாது, அதுவும் எயுந்துக்கற சாதி."

"சட்னி?" என்றார் சமையல்காரர்.

"அம்மியில அரைங்க."

"அக்கா, மறுபடி தூங்குமே," என்றார் கஜபதி.

"தூங்க வுட்டாத்தான?" வடிவு படியில் இறங்கிக் குரல் கொடுத்தாள். "அன்னம்மா அத்தே, வாங்க உள்ள. குயந்தைய எடுத்துகினு நீயும் வாம்மா. எல்லாரும் வாங்க, பொண்ணு நாற்காலி கிட்ட மட்டும் இடம் வுட்டுடுங்க. கதவ யாரும் சாத்த வேணாம், தொறந்தே கெடக்கட்டும்."

கலியமூர்த்திக்குப் பெண்டாட்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று தோன்றியது. குளிரைச் சேர்த்து வைக்கத்தானே அவர் தெர்மகோல் ஒட்டினார். ஏசி உறுமி எழுந்தது. ஜெனரேட்டர் குனிந்து நிமிர்ந்தது. கஜபதி வயரைச் செருகினார். ஹாலில் ஃபேன்கள் சுழல, உள்ளே கைதட்டல் கேட்டது. கலியமூர்த்திக்குச் சட்டென்று புரிந்தது. கதவு திறந்து, ஆட்கள் அடைத்து, சூடு உள்ளே வந்துகொண்டே இருந்தால் ஏசிக்குப் போதும் என்ற எண்ணமே வராது. வராதவரை நிற்காது. அவர் நேராகப் போய் ஏசியின் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டார்.

அப்புறம் அங்கே நடந்ததைக் கல்யாணம் என்பதா, திருவிழா என்பதா? உள்ளே வந்தவர்கள் வெளியே போகமாட்டேன் என்றார்கள். வெளியே இருந்தவர்கள் சும்மா இருக்கமாட்டேன் என்றார்கள். அன்னம்மாள் யாரும் கேட்காமலே கதவுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், நீ வந்து எவ்ளோ நேரம் ஆச்சு? எயுந்து போய் ஒரு சுத்து சுத்திகினு வேர்த்துகினு வா," என்று ஒவ்வொருத்தியாக வெளியே தள்ளி, வேர்வையோடு நின்றவர்களை உள்ளே இழுத்தாள். மாசமான பெண் மட்டும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது அவள் போட்ட சட்டம். கைக்குழந்தை தெர்மகோல் சுவரோரம் படுத்துத் தூங்கியது. பத்மாவின் நாற்காலி நேராக ஏசியின் வாய்க்கு எதிரே இருந்ததால், அத்தனை கூட்டத்திலும் அவள் நெற்றியில் ஒரு துளி அரும்பவில்லை. சுற்றிலும் அத்தைகளும் சித்திகளும் உட்கார்ந்து பாட்டுப் பாட, வடிவு மறு கண்ணை முடித்தாள். கோடு நடுங்காமல் நின்றது. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டவள்தான் அவள். அன்றைக்குக் கதவு திறந்தே கிடந்தது, அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பத்மா படியிறங்கி மேடைக்குப் போகும்போது ஹாலில் விளக்கெல்லாம் எரிந்தது. நாதஸ்வரம் மைக்கில் முழங்கியது. பெண்ணின் முகம் போட்டது போட்டபடி இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பத்மாவின் தாடையைத் தொட்டு, யார் அலங்காரம் என்று கேட்டாளாம். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கரண்டு வந்தது, யாரும் கவனிக்கவில்லை. சட்னி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். சமையல்காரர் வடிவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கஜபதி ஜெனரேட்டரை நிறுத்தினார். வடிவு காலியான வண்டிக்குள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையெல்லாம் பூவிதழ், ஹேர்பின். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கலியமூர்த்தி வாசற்படியில் நின்று, "நீதான் ஜெயிச்சே," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார். கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்க வேண்டிய வேலை ஒன்று பாக்கியிருந்தது.

சம்பத் டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மட்கார்டில் அன்னம்மாள், பட்டுப்புடவை உலர்ந்துபோய்.

"மாமா, வண்டி விஷயம்..." என்று கலியமூர்த்தி ஆரம்பித்தார்.

சம்பத் கையமர்த்தினார். "இரு மாப்ளே." பெண்சாதியை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே பேச்சுவார்த்தை முடிந்திருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு வண்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "வடிவு, ஆவணியில நம்ம பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிகீறோம். அன்னிக்கி வண்டி நம்மளுக்குன்னு எயுதி வச்சுக்கோ."

வடிவு கதவருகே வந்து நின்றாள். "அப்ப சூளைக்கு, மாமா?"

"சூளைக்கா?" சம்பத் டிராக்டரைக் கிளப்பினார். "என் பொண்ணு ஏறப்போற வண்டியில எவன் செங்கல் ஏத்துவான்?"

சேக்காடு வரைக்கும் அவர் டிராக்டரை நடைவேகத்துக்கு மேல் விடவில்லை. பள்ளம் வந்த இடமெல்லாம் நிறுத்தி, இறங்கி வந்து, உள்ளே கண்ணாடி பத்திரமா என்று கேட்டுவிட்டுப் போனார்.